அறுப்பு நாளை மாட்டிடமும் கேளுங்கள்: தீவன விதை வழங்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை மலையகத்தில் பால்மாடு வளர்ப்போருக்குத் தீவன விதை வழங்கும் மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

கடந்த மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் நடந்த வயல் விழாவுக்கு உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். மாட்டுத் தீவனத்துக்காக விதைத்த ஓட்ஸ் பாத்திகளுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொண்டீர்கள். பயிர் பொன்னிறமாக, இடுப்புக்கு மேல் உயர்ந்து நின்றது. பிரதம விருந்தினரின் கையில் ரிப்பன் கட்டிய புதுக் கத்தி. அவர் ஒரு பிடி அறுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு வடையும் தேநீரும். வாகனங்கள் புறப்பட்டுப் போன பிறகு அந்த ஒரு பிடியைக் கொண்டுபோய் என் செவலைப் பசுவின் முன் போட்டேன். முகர்ந்து பார்த்தது. இரண்டு இலையை உருவித் தின்றது. தண்டை மூக்கால் தள்ளிவிட்டுத் திரும்பிக்கொண்டது. விழாவில் பேசிய ஏழு பேரில் ஒருவர்கூடச் சொல்லாத கருத்தை அது சொல்லிவிட்டது.

நான் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊர்ப் பெயரிலேயே ‘பத்தனை’ இருக்கிறது. பத்தனை என்றால் புல்வெளி. புல்வெளியின் பெயரை வைத்துக்கொண்டு ஒரு கட்டுப் புல்லுக்கு இரண்டு மைல் நடக்கிறோம் என்பது வேறு கதை. அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்த கையோடு அரிவாளுடன் புல்லுக்குப் போவார். தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுபடி நடுவதற்கு முன் மண் தேறட்டும் என்று நிர்வாகம் குவாத்தமாலாப் புல் போட்டிருக்கும். அதில் ஒரு கட்டு அறுக்க அம்மா காவற்காரரிடம் எத்தனை நாள் கெஞ்சியிருப்பார் என்று எனக்குத்தான் தெரியும். அட்டை, குளவி, மாலை நேரத்தில் சிறுத்தை. அந்தப் புல்லில்தான் நான் படித்தேன். அதனால் ‘தீவனப் பயிர்’ என்று யாராவது பேச வந்தால் முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவேன். விதையை இலவசமாகக் கொடுத்தீர்கள் என்ற நன்றி எனக்கு இருக்கிறது. அந்த நன்றியோடுதான் சண்டைக்கு வருகிறேன்.

நடந்தது இதுதான். ஐப்பசி முதல் வாரத்தில் விதைத்தோம். தை பிறந்து ஒரு வாரம் கழிந்தபோது கடைசி இலையின் உறை உப்பி, உள்ளே கதிர் இருப்பது விரலுக்குத் தட்டுப்பட்டது. நெல் விதைக்கிறவர்கள் இதைக் குடலைப் பருவம் என்பார்கள். கறவை மாட்டுக்குப் பச்சையாகக் கொடுக்க ஓட்ஸை அறுக்க வேண்டிய நேரம் அதுதான். கத்தியைத் தீட்டி வைத்திருந்தோம். தொலைபேசி வந்தது: “டீச்சர், விழா முடியும்வரை யாரும் கை வைக்க வேண்டாம்.” விழா ஒரு முறை தள்ளிப்போனது. இன்னொரு முறையும் தள்ளிப்போனது. ஐந்து வாரம். அதற்குள் கதிர் வெளியே வந்து, பூத்து, பால் பிடித்து, மாவும் கட்டத் தொடங்கிவிட்டது.

இந்த ஐந்து வாரத்தில் பயிருக்குள் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் கையேடுகளில் இருப்பதுதான். குடலைப் பருவத்து ஓட்ஸில் உலர் எடையில் 14, 15 சதவீதம்வரை புரதம் இருக்கும். மாவு கட்டும்போது அது 8 முதல் 10 சதவீதத்துக்கு இறங்கிவிடும். தண்டில் நார் இறுகி மரமாகிறது. தின்றாலும் செரிப்பது குறைவு. விளைச்சல் எடை என்னவோ கூடும், உங்கள் அறிக்கையில் ஹெக்டேயருக்கு இத்தனை தொன் என்று எழுதும்போது எண்ணும் பெரிதாகத் தெரியும். ஆனால் அந்த எடையைக் கறந்தால் பால் வராது.

தேயிலையோடு ஒப்பிட்டால் உங்களுக்கு எளிதாகப் புரியும். இங்கே ஏழெட்டு நாளுக்கு ஒரு முறை அதே மலைக்குக் கொழுந்து எடுக்கத் திரும்பி வருவார்கள். சுற்று தவறினால் இலை முற்றிவிடும். தொழிற்சாலையில் துரை சத்தம் போடுவார். யாரோ படம் எடுக்க வருகிறார்கள், மூன்றாம் நம்பர் மலையை ஐந்து வாரம் எடுக்காமல் வைத்திருங்கள் என்று எந்த நிர்வாகத்திடமாவது சொல்லிப் பாருங்கள். எங்கள் ஓட்ஸிடம் மட்டும் அப்படிச் சொல்லலாம் என்று யார் முடிவு செய்தது?

முற்றவிட்டு அறுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. எதற்காக அறுக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. பார்லியை மாவு கட்டும் பருவம்வரை விட்டு அறுத்து ஊறுகாய்ப் புல்லாக, அதாவது காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்துச் சேமிக்கும் தீவனமாக, போட்டால் தானியத்தின் சக்தியும் சேர்ந்து கிடைக்கும். பார்லிக்கு அது பொருந்தும். ஓட்ஸில் தண்டு முற்றும் வேகத்துக்குத் தானியத்தின் லாபம் ஈடுகொடுப்பதில்லை. பால் வற்றிய மாட்டுக்கும் கிடாரிக்கும் வயிறு நிரப்ப வேண்டும் என்றால் கொஞ்சம் முற்றியதும் போதும். கன்று ஈன்று ஒரு மாதமான மாட்டுக்குப் போதாது. ஆகவே ‘ஓட்ஸ் அறுவடை: இத்தனையாம் திகதி’ என்று ஒரு சுற்றறிக்கை வரும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. எந்த மாட்டுக்கு என்று அதில் இல்லையே.

இனி மழை. எங்கள் பக்கத்தில் தீவனத்தைச் சேமிப்பது என்றால் அது மழையோடு ஆடும் ஆட்டம். குடலைப் பருவத்தில் அறுத்த ஓட்ஸில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை அப்படியே பீப்பாயில் திணித்து மூடினால் புளிக்காது, அழுகும். திறந்தால் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம் முழுவதும் நாறும். 65, 70 சதவீத ஈரத்துக்கு வரும்வரை வாடவிட வேண்டும். நறுக்கியதை உள்ளங்கையில் இறுக்கிப் பிழிந்து விரித்துப் பார்த்தால் போதும். சாறு சொட்டினால் ஈரம் அதிகம். உருண்டை மெதுவாகப் பிரிந்தால் சரி. சட்டென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, காற்றை வெளியேற்ற முடியாது, பூஞ்சணம் பிடிக்கும். எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்ட எந்தப் பெண்ணுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பட்டறையும் தேவையில்லை. தேவைப்படுவது வெயில். ஒரு நாள், அல்லது ஒன்றரை நாள் நல்ல வெயில்.

அந்த வெயில் எப்போது கிடைக்கும் என்பதிலிருந்துதான் கணக்குத் தொடங்க வேண்டும். அறுக்கும் நாளை முதலில் குறித்துக்கொண்டு, பின்னோக்கி எண்ணி, அந்த இடைவெளிக்குள் குடலைக்கு வரும் ரகத்தைத் தேட வேண்டும். நீங்கள் செய்வது நேர்மாறு. விதை எப்போது துறைமுகத்தில் இறங்கி, எப்போது லொறியில் ஏறுகிறதோ அன்று விதைப்பு. அதன் பிறகு ஆண்டவன் விட்ட வழி. அதற்கு முந்தின வருடம் உங்கள் மூட்டை வைகாசி கடைசியில் வந்தது. தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டது. ஆடிக் காற்றில் பயிர் பாயாகப் படுத்தது. இலையெல்லாம் செம்மஞ்சள் தூள், துரு நோய். சேறும் துருவுமாக வாரி எடுத்ததை எருக்குழியில்தான் போட்டோம்.

எங்கள் பக்கத்தில், அதாவது அக்கரப்பத்தனை, லிந்துலை, தலவாக்கலை, அட்டன் என்று மேற்குப் பார்த்த மலைகளில், நம்பி அறுக்கக்கூடிய காலம் தை முதல் பங்குனி முன்பாதிவரைதான். அந்தக் காலத்தில்தான் மாட்டுக்குப் பஞ்சமும். இரவில் உறைபனி விழும் பள்ளங்களில் கிக்கூயுப் புல் விடியும்போது கருகிக் கிடக்கும். ஓட்ஸ் இளம் பயிராக இருக்கும்போது லேசான உறைபனியைத் தாங்கிக்கொள்ளும். அதற்காகவே அதை நாங்கள் விரும்புகிறோம். புரட்டாசி கடைசியில் அல்லது ஐப்பசி முதலில் விதைத்தால் இடைப்பருவ மழையில் வளர்ந்து, தையில் கத்திக்கு வரும். வெயிலும் பஞ்சமும் கத்தியும் ஒரே நேரத்தில் கூடுகிற காலம் எங்களுக்கு ஆண்டில் அது ஒன்றுதான்.

இதையே அப்புத்தளையில் இருக்கும் என் தங்கையிடம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள். நாட்டின் மிக உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொலவைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழையும்போது இந்தப் பக்கம் மூடுபனியும் தூறலும். வெளியே வந்தால் அந்தப் பக்கம் கண்கூசும் வெயில். ரயிலில் போகிற எல்லோரும் பார்த்து வியக்கிற காட்சி அது. அப்புத்தளை இருக்கும் ஊவாப் பக்கத்தில் ஆனி, ஆடி, ஆவணி வறண்ட காற்றுக் காலம். ஊவாத் தேயிலைக்கு உலகப் பெயர் வாங்கிக்கொடுப்பதும் அந்தக் காற்றுதான். என் தங்கை பங்குனி, சித்திரை மழையில் விதைத்து ஆனிக் காற்றில் அறுத்து வாடவைக்கலாம். எனக்கு ஆனியில் முற்றத்தில் துணிகூடக் காய்வதில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே மூட்டை, ஒரே திகதி, ஒரே சுற்றறிக்கை. அதை எழுதியவர் ஒரு முறையாவது அந்த ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்திருக்கலாம்.

உயர்ந்த மலைகளில் ஓட்ஸ் பயிரிடுவது பற்றி உங்கள் பயிற்சியில் காட்டிய படங்களெல்லாம் திபெத்திய மேட்டுநிலத்தைப் பற்றியவை. 3,000 மீற்றருக்கும் மேலே, யாக் மாடும் செம்மறியும் வளர்க்கிறவர்களின் நிலம். அங்கே வைகாசியில் விதைத்து, ஆவணி புரட்டாசிக்குள் உறைபனி முந்திக்கொள்ளுமுன் அறுத்து, நீண்ட குளிர்காலத்துக்குக் காய்ந்த புல்லாக அடுக்கிவிடுவார்கள். அங்கே குறுகிய காலத்தில் விளையும் ரகத்தைத் தேடுவதற்குக் காரணம் குளிர். எங்கள் மலை அதில் பாதி உயரம்தான். நுவரெலியா நகரமே 1,868 மீற்றர். ஆண்டு முழுவதும் ஏதோ ஒன்று வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. எங்களுக்குக் காலத்தை வகுப்பது மழை. அவர்கள் நாள் எண்ணும் முறையை நாம் கற்றுக்கொள்ளலாம். அவர்களுடைய நாட்காட்டியைக் கொண்டுவந்து இங்கே மாட்ட முடியாது. இந்த வழக்கம் புதிதல்ல என்பதும் உண்மை. 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் ஓர் இங்கிலாந்துப் பண்ணையை அப்படியே இறக்கிவைக்க ஆட்களும் மாடுகளும் கருவிகளுமாக வந்தார். ஏழு ஆண்டில் திரும்பிப் போய்விட்டார். அவர் நட்டத்தை அவரே ஏற்றார். எங்கள் நட்டம் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

மூட்டையில் அச்சிட்டிருந்த நாள் கணக்கு என்னைப் பல வாரம் குழப்பியது. 70 நாளில் கதிர் என்றிருந்தது. எங்களுக்கு 95 நாளுக்கு மேல் ஆனது. விதை பொய்யா, மண் பொய்யா என்று யோசித்துக் கடைசியில் ஒரு விவசாயப் பட்டதாரி மாணவன் (என்னிடம் ஐந்தாம் வகுப்பில் படித்தவன்) விளக்கினான். ஓட்ஸ் நீண்ட பகலைக் கண்டு கதிர்விடும் பயிர். வடக்கு நாடுகளில் கோடையில் பகல் 15, 16 மணி நேரம் நீளும். நாம் இருப்பது 7 பாகை அகலாங்கில். இங்கே தையிலும் ஆனியிலும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான், அரை மணி கூடக்குறைய. ஆகவே அந்தப் பயிர் பகல் நீளட்டும் என்று இலையை விட்டுக்கொண்டே காத்திருக்கிறது. நம்முடைய குளிரும் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது. இன்னொரு வகை, குளிர்கால ரகங்கள். ரை என்ற தானியம், கோதுமையையும் ரையையும் கலந்து உருவாக்கிய டிரிட்டிகேல், பார்லி ஆகியவற்றில் இவை உண்டு. அவற்றுக்குக் கதிர் வர வேண்டுமென்றால் முதலில் பல வாரம் கடுங்குளிர் பட வேண்டும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகைக்குக் கிட்ட. அந்தக் குளிர் அவற்றுக்குப் போதாது. புல்லாகவே நிற்கும்.

இது கெட்டதா என்றால் அதுவும் இல்லை. கதிர்விடத் தாமதிக்கும் ரகம் இலையாகவே நிற்பதால், தினமும் ஒரு கட்டுப் பச்சையாக அறுத்துப் போடுகிறவளுக்கு அது வரம். அறுப்புக் காலம் நீளுகிறது. ஆனால் ஒரே நாளில் அறுத்துப் பீப்பாயில் போட நினைக்கிறவருக்கு அது சரிவராது. எல்லாம் ஒன்றாகக் குடலைக்கு வருகிற, பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத ரகம் அவருக்கு வேண்டும். மழைக் காற்றில் படுக்காத குட்டைத் தண்டும் துருவைத் தாங்கும் குணமும் இருவருக்கும் வேண்டும். இந்தியாவில் ஜான்சியில் உள்ள தீவன ஆராய்ச்சி நிறுவனம் ஓட்ஸ் ரகங்களை ஒற்றை அறுப்பு, பல அறுப்பு என்று பிரித்தே சொல்கிறது. பல அறுப்பு ரகத்தை 50, 60 நாளில் முதலில் அறுத்து, நிலத்திலிருந்து நான்கு விரல் உயரம் விட்டால் மறுபடி துளிர்க்கும். எங்களுக்குக் கிடைத்த மூட்டையில் எது என்று எழுதியிருக்கவில்லை. எங்கள் வரிசையில் பாதிப் பேர் தரையோடு அறுத்துவிட்டுத் துளிருக்காகக் காத்திருந்தார்கள்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. தேயிலை புளிப்பு மண்ணில் வாழும் செடி; புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரைதான் அதற்குப் பிடிக்கும். பழைய தேயிலை நிலத்தில் பார்லி போட்டால் வேர் கருகி நிற்கும். ஓட்ஸும் ரையும் அந்தப் புளிப்பை ஓரளவு தாங்கும். புளிப்பைக் குறைக்க டொலமைட் சுண்ணாம்புத் தூள் போட்டுப் பழகிய மரக்கறித் தோட்டத்தில் பார்லியைத் துணிந்து விதைக்கலாம். இதற்கு மண் பரிசோதனைகூட வேண்டாம். முன்பு அங்கே என்ன நின்றது என்று கேட்டாலே போதும். யாரும் கேட்கவில்லை.

மரக்கறித் தோட்டம் என்றதும் ஓர் எச்சரிக்கை. லீக்ஸ், உருளைக்கிழங்கு, கோவா போட்ட நிலத்தில் உரம் மிச்சமிருக்கும். அங்கே ஓட்ஸ் கருகருவென்று வளரும், பார்க்க ஆசையாக இருக்கும். வறட்சிக்குப் பின் மழை பெய்த உடனேயோ, பல நாள் வெயிலே இல்லாமல் மூடிக் கிடந்த பிறகோ, உறைபனி அடித்த மறுநாளோ அதை அறுத்துப் பசித்த மாட்டுக்குப் போட்டால் உரத்திலிருந்து அதில் சேர்ந்த நைத்திரேட் மாட்டைக் கொன்றுவிடலாம். இரத்தம் பழுப்பு நிறமாகும், மாடு மூச்சுக்குத் தவிக்கும், சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அத்தகைய நாள்களில் அறுப்பை ஒரு வாரம் தள்ளிப்போடுவதும், வேறு புல்லோடு கலந்து கொஞ்சமாகக் கொடுப்பதும் பாதுகாப்பு. எந்த நாளில் அறுக்கக் கூடாது என்ற இந்தப் பாடம் உங்கள் துண்டுப் பிரசுரத்தில் ஒரு வரியாகக்கூட இல்லை. ஓட்ஸின் உடல்நலப் பலன்கள் பற்றி, மனிதருக்கான பலன்கள் பற்றி, ஒரு பக்கம் இருந்தது.

இப்போது நிலம். சுற்றிச் சுற்றி இங்கேதான் வர வேண்டியிருக்கிறது. 400 கிலோ எடையுள்ள ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்கு 40 கிலோ பச்சைத் தீவனம் வேண்டும். ஒரு பேர்ச் (ஏறக்குறைய 25 சதுர மீற்றர்) நிலத்தில் நல்ல ஓட்ஸ் ஒரு அறுப்பில் 70, 80 கிலோ தரும். பத்துப் பேர்ச் என்றால் ஒரு மாட்டுக்கு இருபது நாளுக்கு மேல் வராது. வீடு கட்டவே ஏழு பேர்ச் என்று அளந்து கொடுத்த நாட்டில் இந்தக் கணக்கை நான் நீட்ட விரும்பவில்லை. நாங்கள் விதைத்த துண்டு நிலம் வாய்மொழியாகத் தோட்டத்திலிருந்து கிடைத்தது. அதனால்தான் “கை வைக்க வேண்டாம்” என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னதும் நாங்கள் கத்தியைக் கீழே வைத்தோம். சொந்த நிலமாக இருந்திருந்தால் அந்த மாலையே அறுத்திருப்பேன். காடாகிப்போன தேயிலை நிலத்தில் கொஞ்சத்தைப் பால் சங்கங்களுக்கு எழுத்தில், ஐந்து வருடத்துக்காவது, குத்தகைக்கு வாங்கித் தாருங்கள். விதையைவிட அது பெரிய உதவி.

மற்றபடி நான் கேட்பது சின்னச் சின்ன விஷயங்கள். மேற்கு மலைக்கான மூட்டை ஆவணி முடியுமுன் பால் சேகரிப்பு நிலையத்துக்கு வந்துவிட வேண்டும், ஊவாவுக்கு மாசியில். மூட்டையில் ரகத்தின் பெயர், ஒற்றை அறுப்பா பல அறுப்பா, இந்த மலையில் விதைத்துப் பார்த்த நாள் கணக்கு ஆகியவை தமிழிலும் இருக்க வேண்டும். அந்த நாள் கணக்கு இல்லையென்றால் நாங்களே எடுத்துத் தருகிறோம். சங்கத்துக்கு நாலு ரகத்தில் ஒவ்வொரு கிலோ கொடுங்கள். விதைத்த நாள், குடலை வந்த நாள், துரு கண்ட நாள், மாடு மிச்சம் வைத்த தண்டின் எடை என்று கொப்பியில் எழுதி வைப்போம். முப்பது வருடம் வரவு இடாப்பு எழுதியவளுக்கு இது பெரிய வேலையல்ல.

போன வருடத்து விதையில் இரண்டரைக் கிலோவை யாருக்கும் சொல்லாமல் எடுத்து வைத்திருக்கிறேன். முளைத்திறன் பார்த்தேன்; நூறில் எண்பத்தாறு முளைத்தது. மழை கொஞ்சம் விட்டதும் ஐப்பசி முதல் வாரத்தில் லயத்துக்குப் பின்னால் உள்ள பாத்தியில் விதைப்பேன். தையில் ஒரு நாள் காலை, வெயில் ஏறுவதையும் உறை உப்பியிருப்பதையும் பார்த்துவிட்டு உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுப்பேன். மறுநாள் அறுப்பு. அழைப்பிதழ் அச்சிட நேரமிருக்காது, பிரதம விருந்தினரும் கிடைக்கமாட்டார். வர முடிந்தால் வாருங்கள். அரிவாள் என்னிடம் இரண்டு இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, மூன்று மாடுகளின் சொந்தக்காரி,
அக்கரப்பத்தனை.